எலும்புக்குப் பெயர் கிடைக்க இரண்டு மாதிரிகள் வேண்டும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. பின்னேரம் தெமட்டகொடை மஹவில கார்டனில் ஒரு வீட்டுக்குள் பொலிஸ் நுழைந்தபோது, அங்கிருந்த பெண் குண்டை வெடிக்க வைத்தாள். அவளும் அவளுடைய பிள்ளைகளும் மூன்று பொலிஸ்காரர்களும் செத்தார்கள். அந்த வாரம் முழுக்க இறந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 359இல் நின்றது. பிறகு ஏப்ரல் 25ஆம் திகதி சுகாதார அமைச்சு சொன்னது: இல்லை, 253 அளவில்தான்.

நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே இரவில் திரும்பி வரவில்லை. சிதறிப்போன உடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணியிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு துண்டு இங்கே, இன்னொரு துண்டு அங்கே. எது யாருடையது என்று தெரியாதபோது, எத்தனை பேர் என்ற கேள்விக்கே விடை கிடையாது. பிரேத அறை, சட்ட வைத்திய அதிகாரிகள், ஆய்வுகூடம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கொழும்பிலேயே நிலைமை இதுதான். அப்படியென்றால் இருபது முப்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்த எலும்பை நினைத்துப் பாருங்கள்.

செம்மணியில் தோண்டத் தொடங்கியதிலிருந்து எல்லார் வாயிலும் வருகிற சொல் டி.என்.ஏ. "டி.என்.ஏ. செய்தா தெரிஞ்சிடுமே" என்று கடையிலும் பஸ்ஸிலும் கதைக்கிறார்கள். எலும்பைப் போட்டால் பெயரைச் சொல்லுகிற மெஷின் ஒன்று எங்கேயோ இருக்கிறமாதிரி. அப்படி ஒரு மெஷின் உலகத்தில் கிடையாது. டி.என்.ஏ. பரிசோதனை ஒரு ஒப்பீடு. எலும்பிலிருந்து ஒரு மாதிரி, உயிரோடு இருக்கிற உறவிடமிருந்து ஒரு மாதிரி. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் இலக்கம். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இந்த ஒரு விஷயத்தைத்தான். எங்கட நாட்டில் முதல் பாதியைப் பற்றி மட்டுமே கதைக்கிறோம். இரண்டாவது பாதியைச் சேர்த்து வைக்க யாரும் அவசரப்படவில்லை.

எலும்புக்குள் என்ன இருக்கிறது

செத்த உடனே உடலின் டி.என்.ஏ. உடையத் தொடங்கும். வெப்பம், ஈரம், அமிலத் தன்மையுள்ள மண், நுண்ணுயிர்கள், இந்த நான்கும் அதற்கு எதிரிகள். எங்கட மாதிரி வெப்ப நாட்டில் நான்குமே தாராளமாகக் கிடைக்கின்றன. சைபீரியாவின் உறைபனியில் ஆயிரக்கணக்கான வருஷம் தாங்குகிற டி.என்.ஏ., இங்கே சில பத்து வருஷத்திலேயே சின்னச் சின்னத் துண்டாகிவிடும்.

ஆனாலும் முழுசாக அழிவதில்லை. எலும்பின் சுண்ணாம்புக் கட்டுமானத்துக்குள் சில செல்கள் அடைபட்டுக் கிடக்கும். தடித்த எலும்பில் இது கூட. தொடை எலும்பின் நடுப்பகுதி, கடைவாய்ப் பல், காதுக்கு உள்ளே இருக்கிற மண்டையோட்டின் மிகக் கடினமான பகுதி, இவையே ஆய்வாளர்கள் முதலில் தேடுகிறவை. விலா எலும்பு மாதிரி மெல்லியதில் நம்பிக்கை குறைவு. நன்றாக எரிந்து வெள்ளையாகிப்போன எலும்பில் பெரும்பாலும் ஒன்றுமே மிஞ்சாது.

எடுத்த எலும்பின் மேற்பரப்பை முதலில் உரசி, கழுவுவார்கள். தோண்டியவர், தூக்கியவர், படம் எடுத்தவர் எல்லாருடைய டி.என்.ஏ.யும் அதில் ஒட்டியிருக்கும். அதனால் அகழ்வில் நின்ற எல்லாரிடமும் மாதிரி வாங்கி வைத்திருப்பது நல்ல வழக்கம். பிறகு திரவ நைட்ரஜனில் குளிர வைத்து மாவாக அரைப்பார்கள். அந்த மாவிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுத்தால் உள்ளே மாட்டியிருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும். அதோடு மண்ணின் கறையும் வரும். அந்தக் கறை அடுத்த கட்ட இரசாயன வேலையையே நிறுத்திவிடக்கூடியது. அதைச் சுத்தம் செய்து, மிஞ்சின துண்டுகளைப் பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கில் பெருக்குவார்கள். கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர்.தான்.

கடைசியில் கிடைப்பது எண்களின் வரிசை. டி.என்.ஏ.யில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இருபது இடங்கள் அளவில் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஆகவே தாய் தகப்பனின் எண்களோ, பிள்ளைகளின் எண்களோ கையில் இருந்தால் ஒப்பிட முடியும். ஒரே ஒரு சகோதரம் மட்டும் இருந்தால் விடை பலவீனம்.

எலும்பு ரொம்பச் சிதைந்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, மைட்டோகொண்ட்ரியா டி.என்.ஏ. ஒரு செல்லில் இது நூற்றுக்கணக்கில் இருப்பதால் தப்பிப் பிழைக்கும் வாய்ப்புக் கூட. இது தாய்வழியாக மட்டுமே வரும். அம்மா, அம்மம்மா, சின்னம்மா, அவரின் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் "இந்தக் குடும்பமாக இருக்கலாம்" என்று சொல்லும். "இன்னார்தான்" என்று தனியே சொல்லாது.

அரசு தேடினால் எப்படித் தேடும்

உயிர்த்த ஞாயிறுக்கு ஐந்து நாளுக்குப் பிறகு, ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்து 15 பேரளவில் இறந்தார்கள். அதில் கட்டுவாப்பிட்டித் தேவாலயக் குண்டுதாரியின் மனைவி சாரா ஜஸ்மின் எனப்படும் புலஸ்தினி மகேந்திரனும் இருந்தாரா என்பது பெரிய கேள்வியானது. தப்பி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றும் கதை பரவியது. அவருடைய தாயின் மாதிரியோடு ஒப்பிட்ட முதல் இரண்டு பரிசோதனைகளும் பொருந்தவில்லை. 2022 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவோடு, அம்பாறையில் புதைத்திருந்த எச்சங்களைத் திரும்பத் தோண்டினார்கள். 2023 மார்ச்சில் பொலிஸ் அறிவித்தது: மூன்றாவது பரிசோதனை பொருந்துகிறது, அவர் சாய்ந்தமருதிலேயே இறந்துவிட்டார்.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்குகிறது. முதலாவது, "பொருந்தவில்லை" என்றால் என்ன அர்த்தம் என்பது. எடுத்துச் சோதித்த அந்தத் துண்டு அவருடையது இல்லை, அவ்வளவுதான். அந்தக் குழியில் அவர் இல்லை என்று அர்த்தமில்லை. பலருடைய எச்சங்கள் கலந்து கிடக்கிற இடத்தில் எந்த எலும்பை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. செம்மணியிலோ மன்னாரிலோ நாளைக்கு ஓர் ஆய்வறிக்கை வந்து "பொருந்தவில்லை" என்று சொன்னால் நாங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: எத்தனை எலும்பு, எந்தெந்த எலும்பு?

இரண்டாவது, ஒரே ஒருவரைப் பற்றித் தெரிந்தே ஆகவேண்டும் என்று அரசு நினைத்தபோது நான்கு வருஷத்தில் மூன்று தடவை பரிசோதித்தது. தோண்டிப் புதைத்ததைத் திரும்பத் தோண்டியது. இது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதற்கு இது ஆதாரம் என்று சொல்கிறோம். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் ஓயவில்லை, அரசியல் மேடைகளில் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆய்வுகூடம் எண்களைத் தரும். அதை யார் செய்தார்கள், யாருடைய கையில் எலும்பு இருந்தது என்பதில் நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த எண்ணும் ஆக்களின் மனசில் ஏறாது.

தெமட்டகொடைக்குப் பக்கத்திலேயே

இந்தத் தொழில்நுட்பம் இங்கே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1999இல் நடந்த ஹோகந்தர கொலை வழக்கில் டி.என்.ஏ. சான்று பயன்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைத் தொடங்கிய கலாநிதி மாயா குணசேகர பின்னர் ஜெனெடெக் நிறுவனத்தை அமைத்தார். அது தெமட்டகொடைக்கு அடுத்த கித்துல்வத்தை வீதியில் இருக்கிறது. அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்திலும் டி.என்.ஏ. பிரிவு உண்டு. சுனாமிக்குப் பிறகு கல்முனையில் "81ஆம் இலக்கக் குழந்தை" யாருடையது என்ற வழக்கு 2005 பெப்ரவரியில் தீர்ந்ததும் டி.என்.ஏ. பரிசோதனையால்தான்.

ஆனால் அதே சுனாமியில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலானவர்களை ஒரு மாதிரியும் எடுக்காமல் அவசர அவசரமாகப் புதைத்தோம். தாய்லாந்தில் அப்படி நடக்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் நிறையப் பேர் இறந்திருந்ததால், பல நாட்டு நிபுணர்கள் வந்து பல், கைரேகை, டி.என்.ஏ. என்று மாதக்கணக்கில் வேலை செய்து ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் கண்டுபிடித்தார்கள். அலை ஒன்றுதான். செத்தவரைத் தேடி யார் வருகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அதே தெமட்டகொடைப் பேஸ்லைன் வீதியில் பொரளைப் பக்கமாகப் போனால் வெலிக்கடைச் சிறை. 1983 யூலை 25ஆம் திகதியும் 27ஆம் திகதியுமாக 53 தமிழ்க் கைதிகள் அதற்குள் கொல்லப்பட்டார்கள். அந்த வருஷ நடுப்பகுதியில் கொண்டுவரப்பட்டிருந்த அவசரகால விதி 15ஏ, மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புப் படைக்கு அதிகாரம் கொடுத்தது. சட்டத்தில் நான்கு வரி எழுதினாலே போதும், ஓர் உடலுக்கும் அதன் பெயருக்கும் இடையிலிருக்கிற கயிற்றை அறுத்துவிடலாம். பிறகு அதைத் திரும்ப முடிய ஆய்வுகூடம் தேவைப்படுகிறது. காணாமல் ஆக்குதல் என்பது ஆளைக் கொல்வதோடு நிற்பதில்லை. அடையாளத்தை அழிப்பதும் அதில் பாதி.

வெளியே எப்படிச் செய்தார்கள்

எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்து அடையாளம் காண்பது அவ்வளவு பழைய விஷயமில்லை. 1989இல் பிரித்தானியாவின் கார்டிஃப் நகரில் கம்பளத்தில் சுற்றிப் புதைத்திருந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. எரிக்கா ஹேகல்பெர்க்கும் அலெக் ஜெஃப்ரிஸும் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பெற்றோரோடு ஒப்பிட்டு, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். பிரேசிலில் புதைத்திருந்த நாஜி மருத்துவர் மெங்கலேயின் எலும்பு 1992இல் உறுதியானது. ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் குடும்பத்து எலும்புகளுக்கு, உறவுமுறையில் வருகிற பிரித்தானிய இளவரசர் பிலிப்பின் இரத்தம் உதவியது.

இவை எல்லாம் ஒருவர், ஒரு குடும்பம். ஆயிரக்கணக்கானோர் என்று வந்தபோது வழியைக் காட்டியது ஆர்ஜென்டினாவின் பாட்டிமார். இராணுவ ஆட்சியில் பிள்ளைகள் காணாமல் போனார்கள், சிறையில் பிறந்த பேரப்பிள்ளைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் உயிரோடு இல்லை. "பாட்டியின் இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை நிரூபிக்க முடியுமா?" என்று அவர்கள் விஞ்ஞானிகளைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் அதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர். 1987இல் சட்டம் போட்டு ஒரு தேசிய மரபணு வங்கியை அமைத்தார்கள். தாங்கள் செத்த பிறகும் தங்கள் இரத்தம் சாட்சி சொல்லவேண்டும் என்றுதான் பாட்டிமார் அதைக் கேட்டார்கள்.

பொஸ்னியாவில் இன்னும் கஷ்டம். 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட எண்ணாயிரம் பேரளவிலானவர்களைப் புதைத்தவர்கள், பிறகு அகழ்வு இயந்திரத்தால் கிளறி வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடந்தன. முதலில் உடுப்புகளைப் படம் பிடித்துப் புத்தகமாக்கிக் குடும்பங்களுக்குக் காட்டினார்கள், அதில் கொஞ்சப் பேரையே அடையாளம் காண முடிந்தது. ஒரே கடையில் வாங்கின ஒரே மாதிரிச் சேர்ட் எத்தனையோ பேரிடம் இருக்கும். பிறகு காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு வழியைத் திருப்பிப் போட்டது: முதலில் உறவுகளின் இரத்தத்தைச் சேர்ப்போம். உள்ளூரில் மட்டுமில்லை, அகதிகளாகச் சிதறின நாடுகளிலும் போய்ச் சேர்த்தார்கள். 2001 நவம்பரில் முதல் பொருத்தம் வந்தது. இப்போது ஸ்ரெப்ரெனிட்சாவின் ஏழாயிரம் பேரளவிலானவர்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பெயர் தெரிந்ததால் வழக்குகளும் நின்றன.

எங்கட குழிகள்

இப்போது இங்கே வருவோம். 1998இல், கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற இராணுவத்தினன், செம்மணியில் 300 முதல் 400 வரை உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுத்தார்கள். அதில் இருவரை, 1996இல் காணாமல் போனவர்கள் என்று உறவுகள் அடையாளம் கண்டார்கள். கதை அங்கேயே நின்றது.

2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். 2018இல் மன்னார் சதொச வளவில் 300க்கும் மேல், அதில் சிறுவர்களும். மன்னாரில் நடந்ததைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். அங்கேயிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த முடிவு, எலும்புகள் பல நூற்றாண்டு பழையவை என்றது. பலர் இதையும் டி.என்.ஏ. என்றே நினைத்தார்கள். அது காபன் காலக்கணிப்பு. காபன் "எப்போது" என்று கேட்கும், டி.என்.ஏ. "யார்" என்று கேட்கும். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளில் ஆறு மாதிரி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதைப் பற்றிக் குடும்பங்களின் பக்கம் கேள்விகள் இருந்தன. அந்தக் கேள்விகள் நியாயமானவை.

2023 யூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டினபோது குழி தெரிந்தது, 52 பேரின் எச்சங்கள். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையில் எலும்புகள் வந்தன. மே மாதம் தொடங்கிய அகழ்வு செப்டெம்பரில் நிறுத்தப்பட்டபோது அடையாளம் காணப்பட்டவை 240 எலும்புக்கூடுகள். நீல நிறப் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, பால் போத்தல், வளையல். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி அந்தப் பொருட்களைப் பொதுமக்கள் பார்க்க வைத்தார்கள். சனம் வரிசையில் நின்று பார்த்தது. பொஸ்னியாவில் உடுப்புப் புத்தகம் காட்டின கட்டத்தில் நாங்கள் இப்போதுதான் நிற்கிறோம்.

இரண்டாவது பாதி

எங்கட நிலைமையில் இரத்தம் சேர்ப்பது மற்ற நாடுகளைவிடச் சிக்கலானது. ஒரே வீட்டில் இரண்டு மகன்கள் காணாமல் போன குடும்பங்கள் இருக்கின்றன. தாயின் இரத்தம் "இது உன் மகன்" என்று சொல்லும், எந்த மகன் என்று சொல்லாது. அங்கே வயது, உயரம், சின்ன வயதில் முறிந்த கை, அடைத்த பல், இதெல்லாம் தேவைப்படும். சொந்தத்துக்குள், மச்சாளைக் கட்டின குடும்பங்களில் உறவுகளின் எண்கள் வழக்கத்தைவிட அதிகமாக ஒத்துப்போகும். வேறு நாட்டு அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால் தவறான நம்பிக்கை வரலாம். முள்ளிவாய்க்காலில் முழுக் குடும்பமே போனால் ஒப்பிட ஆளில்லை. மிஞ்சின ஒரு சகோதரி ரொறன்ரோவில், ஒரு மாமா பாரிஸில்.

இதைவிடப் பெரிய தடை பயம். "இரத்தத்தைக் குடுத்தா செத்தவர் எண்டு எழுதிப்போட்டு கேஸை மூடிடுவாங்கள்" என்று தாய்மார் சொல்கிறார்கள். இது அறியாமை இல்லை, அனுபவம். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் வாங்கு என்று வருஷக்கணக்காக நெருக்கப்பட்டவர்கள் அவர்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தையே பல குடும்பங்கள் நம்பி ஏறுவதில்லை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன அதே அரசிடம் தன் இரத்தத்தையும் கொடு என்றால் யார்தான் கை நீட்டுவார்?

ஆகவே கேட்கவேண்டியது வெறும் "டி.என்.ஏ. செய்" என்பது மட்டுமில்லை. மாதிரியை யார் எடுக்கிறார்? எங்கே வைக்கிறார்? பொலிஸ் அதை வேறு வழக்குக்குப் பாவிக்கமுடியுமா? எலும்பில் பாதி எதிர்காலப் பரிசோதனைக்கு மிஞ்சுமா? முடிவை முதலில் பத்திரிகைக்குச் சொல்வார்களா, தாய்க்குச் சொல்வார்களா? பெயர் தெரிந்த பிறகு எப்படிச் செத்தார், யார் கொன்றார் என்ற விசாரணை தொடருமா? இவை எழுத்தில் வரவேண்டும், குடும்பங்கள் நம்புகிற மூன்றாம் தரப்பு ஒன்று பக்கத்தில் நிற்கவேண்டும்.

இதில் அவசரம் எலும்புக்கு இல்லை. ஒழுங்காகப் பாதுகாத்தால் எலும்பு இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய் தகப்பன்மாரில் பலர், பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாமலே செத்துப் போனார்கள். ஒவ்வொருவரும் போகும்போது ஒப்பிடக்கூடிய மிக நல்ல மாதிரியும் கூடவே போகிறது. பொஸ்னியாவில் மாதிரி எடுக்கப் பெரிய வைத்தியசாலை தேவைப்படவில்லை. விரல் நுனியில் குத்தி, சில துளி இரத்தம், ஓர் அட்டையில் காயவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. எந்தக் குழியை எப்போது தோண்டுவது என்று நீதிமன்றமும் திறைசேரியும் முடிவெடுக்கட்டும். அந்த அட்டைகளைச் சேர்க்க ஒரு குழியும் தோண்டத் தேவையில்லை. உங்கள் வீட்டில் காணாமல் போன ஒருவர் இருந்தால், அவருடைய தாய் தகப்பன் இன்னும் இருந்தால், இதைப் பற்றி இந்தக் கிழமையே வீட்டில் கதையுங்கள். பிறந்த திகதி, உயரம், முறிந்த எலும்பு, கட்டின பல், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மற்றதை எல்லாரும் சேர்ந்து கேட்போம்.